ஏகாம்பரம் சார் குடித்திருக்கவில்லை

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். பால் சொசைட்டி செக்ரட்டரி சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் கடைப் படியில் ஊன்றி நின்றார்.

"மாட்டு டாக்டரு பூட்டாரு முதலாளி. காலையில பல்லு தேய்ச்சிகினு இருந்தாராம். வலிப்பு வந்து கிணத்தடியிலயே சாஞ்சிட்டாராம். வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிட்ச்சாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்.

"யாரு? குடிச்சிட்டு வந்து கேவுரு மேல வண்டிய வுட்டு மண்டைய ஒடச்சிகினாரே, அவரா?"

"அவருதான்."

"ஐயோ பாவம். தங்கமான மனுசன். அந்த ஒண்ணுதான் சரியில்ல."

எனக்கும் அந்த பெஞ்சுக்கும் நடுவில் ஆறடி இருக்கும். கதவைப் பாதி இழுத்துவிட்டு மாலை வாங்கப் போனேன்.

நம் வியாபாரிகள் சங்க மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். அவரோடு அதிகம் பழகியவன் நான் என்பதால் கேட்டார்கள். நாலு வரியில் முடியாது. எல்லாமே நல்லதாகவும் இருக்காது. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்நடை இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் விழுந்த அன்று குடித்திருக்கவில்லை. வேகமாகவும் வரவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தும் அவர் மண்டை உடைந்ததற்குக் காரணம், அந்த ஹெல்மெட்டை நான் கெடுத்து விற்றதுதான். நான்கு வருடமாக இது எனக்குத் தெரியும். அவர் மகள் கஸ்தூரிக்கு இப்போது வரன் பார்க்கிறார்கள். விசாரிக்க வருகிறவர்கள் டீக்கடையில் கேட்பார்கள். அவர்கள் கையில் இந்த மலரைக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் பட்டு நெசவுக் குடும்பம். அண்ணன் தம்பிகள் தறியில் இருக்க, இவர் ஒருவர் மட்டும் படித்துக் கால்நடைத் துறைக்குப் போனார். உத்திரமேரூருக்கு மாற்றலில் வந்தவர், வீடு கட்டி இங்கேயே இருந்துவிட்டார். ஊர் அவரை மாட்டு டாக்டர் என்றது. அவர் ஒவ்வொரு முறையும் திருத்துவார். "நான் டாக்டர் இல்லைய்யா, இன்ஸ்பெக்டர். மாட்டுக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்காவது தெரியட்டும்."

அவருடைய பெரிய கருவி மூக்கு. எங்கள் வீட்டு எருமை கன்று ஈன்ற பத்தாம் நாள் தீனியைத் தொடவில்லை. நான் வயிற்று உப்புசம் என்று நினைத்து இஞ்சியும் பெருங்காயமும் கரைத்துப் புகட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். எருமையின் தாடையைத் தூக்கி, அது விடும் மூச்சுக்கு நேராக முகத்தை வைத்தார்.

"பழம் அழுகின வாசனை அடிக்குது. வயிறு இல்ல முதலாளி. பால் நெறைய கறக்குது, தீனி பத்தல. மொதல்ல வெல்லம் கரைச்சிக் குடுங்க. நான் ஊசி போடறேன்."

இரண்டாம் நாள் எருமை எழுந்து மேய்ந்தது. குளம்பை மோந்து புண் சொல்வார். மடியை மோந்து பால் கெட்டதைச் சொல்வார். ஒருமுறை என் கடைக்குள் நுழைந்தவர், "மோட்டார் ஆயில்ல கிரசின் கலந்து வந்திருக்குது, திருப்பி அனுப்புங்க" என்றார். திறந்து பார்த்தால் அப்படியே இருந்தது. அந்த மூக்கைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது போனது என்னால்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பஞ்சர் ஒட்டி ஆரம்பித்தவன் நான். ஒரு பெட்டியில் ட்யூபும் வால்வும் விற்றேன். பிறகு சைக்கிள் சாமான். பிறகு மோட்டார் சைக்கிள் சாமான். யாரும் எனக்குக் கடை வைத்துத் தரவில்லை. வந்த சரக்கை வந்தபடி விற்கிறவன் சம்பளக்காரன், நம் ஜனத்துக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் மாற்றி விற்கிறவன்தான் வியாபாரி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் மற்றவர்களுக்கு முன்னால் பட்டணம் போய் ஒரு லாட் எடுத்து வந்தேன். கண்ணாடி நாரில் செய்த ஓடு, உள்ளே வெள்ளைத் தெர்மாகோல், அதன் மேல் மெல்லிய துணி, தாடைக்கு வார். சரக்கு நல்ல சரக்கு. ஆனால் ஒருவரும் வாங்கவில்லை. போட்டுப் பார்ப்பார்கள், கழற்றி வைப்பார்கள்.

"இன்னா முதலாளி, தலைய பானைக்குள்ள வுட்டா மாதிரி கீது!"

"காது அடைக்குது. பின்னால பஸ்ஸுகாரன் ஆரன் அடிச்சா எவன் சொல்லுவான்?"

ஒரு ரைஸ்மில்காரர் மட்டும் நீண்ட நேரம் போட்டிருந்தார். வாங்குவார் என்று நினைத்தேன். "கயட்ட வரல முதலாளி, கொஞ்சம் புடிச்சி இழுங்க" என்றார். இழுத்துக் கழற்றியபோது நெற்றியில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. "இதுக்கு போலீஸ்காரன் கிட்டயே மாட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குத் தேவைப்பட்டது ஒரு அளவு பெரிய ஹெல்மெட். அது அன்று எனக்குப் புரியவில்லை. நான் வாங்கி வந்ததெல்லாம் ஒரே அளவு. தொப்பி மாதிரி எல்லோருக்கும் ஒன்று போதும் என்று நினைத்திருந்தேன்.

அப்போது நமக்குத் தெர்மாகோல் என்றால் என்ன? ரேடியோப் பெட்டி, டிவிப் பெட்டி உடையாமல் வர உள்ளே வைத்து அனுப்புவது. இல்லாவிட்டால் கல்யாண மேடையில் மாப்பிள்ளை பெண் பெயரை வெட்டி ஒட்டுவது. ஒரு மத்தியானம் ஹெல்மெட்டின் உள்துணியைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளையாக வட்டமாக ஒரு கட்டி. ஓடு நசுங்காமல் வருவதற்காகக் கம்பெனிக்காரன் வைத்த பார்சல் சாமான் இது, நாம் கழற்றாமல் விற்கிறோம், அதனால்தான் தலை நெரிகிறது என்று தோன்றியது. தோன்றியதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பட்டணத்துக் கடைக்காரனுக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டேன்!

எதிர்க்கடை டெய்லர் பாயைக் கூப்பிட்டேன். தெர்மாகோலை எடுத்துவிட்டு, லுங்கித் துணியில் இலவம்பஞ்சு அடைத்து உள்ளே வைத்துத் தைக்கச் சொன்னேன். பச்சைக் கட்டம் போட்ட துணி. எடை குறைந்தது. உள்ளே காற்றும் புகுந்தது. எந்தத் தலைக்கும் சேர்ந்தது. "தலகாணி வெச்ச ஹெல்மெட்" என்று பெயர் வந்தது. திருமுக்கூடல், சாலவாக்கம், வாலாஜாபாத் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து வாங்கினார்கள்.

அதில் முதல் ஹெல்மெட்டை வாங்கியவர் ஏகாம்பரம் சார். தினமும் முப்பது நாற்பது மைல் மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறவர் அவர். தடுப்பூசி மருந்துக்கான ஐஸ் பெட்டி எப்போதும் பின்சீட்டில் கட்டியிருக்கும். அந்தப் பெட்டியும் தெர்மாகோல்தான். நான் கழற்றிப் போட்டிருந்த வெள்ளைக் கட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இத ஏன் முதலாளி எடுத்துட்டீங்க? நம்ம ஐஸ் பெட்டி சாமானாச்சே. வெயிலு உள்ள வராம இருக்க வெச்சிருப்பான்."

"அப்படின்னா தலை ஜில்லுனு இருக்கணுமே சார். வேர்த்து ஊத்துதுன்றாங்களே."

"அதுவும் சரிதான்" என்றார். பஞ்சு வைத்ததைப் போட்டு, வாரை மாட்டி, கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "மாடு மெரளாம இருந்தா சரி."

அது எதற்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அதுவரை நடந்ததை அறியாமை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு நடந்தவற்றில் அந்த வசதி இல்லை.

திருமுக்கூடல் போகிற சாலையில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அறுப்புக் காலத்தில் அங்கே கேழ்வரகுக் கதிரைத் தார் ரோட்டில் பரப்பி வைப்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் அடித்த மாதிரி மணி உதிர்ந்துவிடும். நாமெல்லாம் பார்த்திருக்கிறோம், நம்மில் சிலர் செய்தும் இருக்கிறோம். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். வயிற்றில் கன்று திரும்பிக் கிடந்த ஒரு பசுவைப் பார்த்துவிட்டு ஏகாம்பரம் சார் வந்துகொண்டிருந்தார். கதிரைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தார். குறைத்தபோதுதான் வண்டி சறுக்கியது. மணியெல்லாம் சக்கரத்துக்கடியில் உருண்டது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தலை மைல் கல்லில் மோதியது.

ஓடிவந்து தூக்கியவர்கள் கதிர் போட்டவர்களேதான். போலீஸ் வந்தால் ரோட்டில் கதிர் போட்டது யார் என்று கேட்குமே என்ற பயம் அவர்களுக்கு. அவருடைய பையில் ஊசி போடுமுன் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டில் உடைந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "வாசனை அடிக்குது பாரு, குடிச்சிட்டு வந்து வுயுந்துட்டாரு" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

செய்தி மறுநாள் காலை என் கடைக்கு வந்தது. ஒரு வாடிக்கையாளர் கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு கேட்டார். "முதலாளி, அவரும் இதத்தான போட்டுகினு இருந்தாரு? மண்டை ஒடஞ்சிட்ச்சாமே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னா வேகத்துல வந்தாரோ! அந்த வேகத்துக்கு எந்த ஹெல்மெட்டு நைனா தாங்கும்?"

வேகம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. குடி என்ற வார்த்தை கிராமத்திலிருந்து வந்தது. இரண்டும் டீக்கடையில் சேர்ந்துகொண்டன. 'ஹெல்மெட் போட்டும் உடைஞ்சிட்ச்சின்னா எவ்ளோ குடிச்சி எவ்ளோ வேகத்துல வந்திருக்கணும்' என்று பேசினார்கள். என் சரக்கின் பேரை அவர் பேர் கெட்டுப்போய்க் காப்பாற்றியது. நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். தலையில் கட்டு, கண் வீக்கம். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். மூக்கில் வைத்து இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"இது ஆரஞ்சா முதலாளி?"

"ஆமா சார்."

"கண்ணுக்குத் தெரியுது, ஆரஞ்சுன்னு. மூக்குக்குத் தெரியல" என்றார்.

மோப்பம் திரும்பி வரும் என்றார் டாக்டர், வராமலும் போகலாம் என்றார். வரவேயில்லை. வலிப்பு மட்டும் வந்தது. அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சென்ற மாதம் அவரைக் கொண்டுபோன வலிப்பு அந்த அடியின் தொடர்ச்சியா என்று நான் கேட்டபோது டாக்டர் எதையும் அடித்துச் சொல்லவில்லை. எனக்காகச் சொல்லாமல் விட்டாரோ என்னவோ.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாவது நாள் ஏகாம்பரம் சார் கடைக்கு வந்தார். பாதித் தலையில் முடி இல்லை. தையல் தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரெண்டு ஹெல்மெட்டு எடுங்க முதலாளி. வந்தபடி கீறது ஒண்ணு. உங்க கைவண்ணம் ஒண்ணு."

எடுத்து வைத்தேன்.

"பஞ்சு வெச்சதுல கட்டைவெரலை வெச்சி அமுத்துங்க. நல்லா அமுத்துங்க. இன்னா தொடுது?"

"ஓடு."

"என் மண்டையும் அங்கதான் தொட்டுது."

பிறகு மற்றதை அழுத்தச் சொன்னார். என் விரல் உள்ளே இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆள் இருந்தானாம். லாரியில் இடித்து விழுந்தவன். அவனுடைய ஹெல்மெட்டைத் திறந்து டாக்டர் காட்டினாராம். உள்ளே தெர்மாகோல் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்ததாம். அவன் இரண்டே நாளில் நடந்து வீட்டுக்குப் போனானாம்.

"அது பார்சல் சாமான் இல்ல முதலாளி. அது நொறுங்கறதுக்குன்னே வெச்சது. அது நொறுங்கினா மண்டை நொறுங்காது. பஞ்சு நொறுங்காது, அமுங்கிடும். நம்ம ரெண்டு பேரும் மக்குப் பசங்க."

நம்ம ரெண்டு பேரும் என்றார். அந்த நேரத்தில் நான் கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுதத்தான் வேண்டும். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. "வெளிய சொல்லிடுவீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு ஹெல்மெட்டையும் என் பக்கம் தள்ளினார். "சொன்னா இன்னா ஆவும்? உங்க கடைப் பக்கம் ஒருத்தன் வரமாட்டான். வராட்டி, வித்ததெல்லாம் எப்படித் திரும்பி வரும்? வாங்கினவன் யாரு, எந்த ஊருன்னு உங்களுக்கே தெரியாது. அவங்களா வரணும். அதுக்கு உங்க பேரு நல்லா இருந்தாகணும்."

"உங்க பேரு சார்? டீக்கடையில இன்னான்னவோ பேசறாங்க."

"மாட்டுக்கு என் பேரு தெரியாது" என்றார்.

இரண்டு பேருமாக ஒரு வழி கண்டுபிடித்தோம். புது மாடல் வந்திருக்கிறது, பழைய தலையணை ஹெல்மெட்டைக் கொண்டுவந்தால் இனாமாக மாற்றித் தரப்படும் என்று கடையில் போர்டு எழுதி மாட்டினேன். ஜனம் என்னைத் தாராள மனதுக்காரன் என்றது. உடைந்த அவருடையது போக, டெய்லர் பாய் தைத்தது மொத்தம் அறுபத்திரண்டு. அன்று கடையில் மீதி இருந்தது மூன்று. வெளியே ஐம்பத்தொன்பது. அந்த ஐம்பத்தொன்பதையும் தேடுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

வலிப்பு இருந்ததால் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் போய் மாடு பார்த்தார். மூக்கு இல்லாததால் மாட்டுக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு வைத்தியம் செய்தார். "மூச்சு எப்படி வாசனை வருது, மோந்து சொல்லும்மா" என்று பெண்களிடம் கேட்பார். அதற்கும் ஊர் சிரித்தது. தொழுவத்துக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைப் பார்ப்பார், ஹெல்மெட் தொங்குகிறதா என்று. ஒரு வீட்டில் அதில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை தரமாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டாள். மூன்று வாரம் காத்திருந்து வாங்கி வந்தார். இன்னொரு வீட்டில் தவிடு அளந்துகொண்டிருந்தார்கள். புள்ளலூர்ப் பக்கம் ஒரு ஆள் சண்டைக்கே வந்துவிட்டாராம். "இது ராசியான ஹெல்மெட்டு சார். இத வாங்கினப்புறம்தான் எனக்குப் பையன் பொறந்தான்." அவரிடம் ஏகாம்பரம் சார் தன் தலையைக் குனிந்து தழும்பைக் காட்டினாராம். "பையனுக்கு அப்பன் வேணாமா?" என்று கேட்டு வாங்கி வந்தார்.

மாற்றிக்கொள்ள வருகிறவர்களுக்கு அவரே உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பார். மூன்று அளவில் சரக்கு எடுக்க வைத்தார். புருவத்துக்கு மேலே ஒரு விரல் விட்டு டேப் பிடித்துத் தலையைச் சுற்றி அளப்பார். போட்ட பிறகு தலையை ஆட்டச் சொல்வார். ஹெல்மெட் தனியாக ஆடினால் பெரிது. கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர்ந்தால் சரி. வாரை மாட்டிவிட்டுப் பின்பக்கம் பிடித்து முன்னால் தூக்குவார். கழன்று வந்தால் எடுத்து வைத்துவிடுவார். கடைசியாக ஒன்று. "ஒரு டீ குடிக்கிற நேரம் போட்டுகினு உக்காரு. நெத்தியில எங்கனா குத்திச்சின்னா சொல்லு. வெட்கப்படாத." பலர் கடை வாசலில் ஹெல்மெட்டோடு டீ குடித்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒருநாள் என்னிடம் சொன்னார். "நீங்க சொகுசு பார்த்தது தப்பு இல்ல முதலாளி. சொகுசு இல்லாட்டி பெட்ரோல் டாங்கு மேல மாட்டிகினு போவான். டாங்குக்கு மண்டையா கீது? சொகுசை அளவுல பாக்கணும். நீங்க பஞ்சுல பார்த்துட்டீங்க."

போன வருடம் பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், கையில் ஒரு ஹெல்மெட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வந்திருந்தார். "அம்பத்தொம்போதாவது. முடிஞ்சிட்ச்சி முதலாளி" என்று என் கல்லா மேல் வைத்தார். இரண்டு பேரும் வடை சாப்பிட்டோம். அவர் வாய்க்கு வடை ருசி பாதிதான் தெரியும். ஆனாலும் அன்று மூன்று சாப்பிட்டார்.

சென்ற மாதம் அவர் இறந்து, காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தங்கச்சி அழவில்லை.

"அவரு குடிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா அண்ணே? ஹெல்மெட்டு விசயம்தான் தெரியாது. எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?"

"நாலு வருசமா."

"ரெண்டு வருசம் முன்ன கஸ்தூரிய பார்த்துட்டுப் போனாங்களே, வாலாஜாபாத்துக்காரங்க. உங்க பக்கத்து டீக்கடையிலதான் விசாரிச்சாங்க. குடிகாரன் வூட்டுல சம்பந்தம் வேணாம்னு பூட்டாங்க. அன்னிக்கும் நீங்க கடையிலதான இருந்தீங்க?"

இருந்தேன். விசாரிக்க வந்த இருவரையும் பார்த்தேன். ஒருவர் என் கடையில் செயின் ஆயில்கூட வாங்கினார்.

"எனக்குச் சொல்லி இன்னா அண்ணே ஆவப்போவுது? எங்க சொல்லணுமோ அங்க போயி சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள். கஸ்தூரி வெளியே வரவேயில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போய் நின்று சொன்னேன். அவர் குடிக்கவில்லை, என் ஹெல்மெட்தான் காரணம், பஞ்சு வைத்தது என் தப்பு என்றேன். பிறகு ஒருவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதலாளி மனசு யாருக்கு வரும் பாரு! செத்தவரு பேரக் காப்பாத்தறதுக்குத் தன் கடைப் பேரத் தானே கெடுத்துக்கறாரு!"

"பயகின பயக்கம் அப்படி" என்றார் இன்னொருவர். எனக்கு ஸ்பெஷல் டீ போடச் சொன்னார்கள். நான் எவ்வளவு சொல்லியும் தலையை ஆட்டிச் சிரித்தார்கள். அந்த வாரம் என் கடையில் வழக்கத்தைவிட இரண்டு ஹெல்மெட் அதிகமாக விற்றது.

பேஜாராகிவிட்டது. ஆகவே பெருந்தன்மைக்காரன் எவனும் செய்யாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இதை ஏகாம்பரம் சாரிடமும் சொன்னதில்லை.

அவர் கட்டைவிரலால் அழுத்திக் காட்டிவிட்டுப் போன அன்று, கடையில் மூன்று தலையணை ஹெல்மெட் மீதி இருந்ததாகச் சொன்னேன் அல்லவா? அவர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. செய்யாறு பக்கத்து ஆள் ஒருவர் அவசரமாக வந்தார். மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு வண்டி வாங்கியாகிவிட்டது, ஹெல்மெட் பாக்கி, பஸ் கிளம்புகிறது என்றார். அந்த மூன்றில் அரக்கு நிறத்தில் இருந்ததைக் காட்டி, "தலகாணி வெச்சது அதுதான? குடுங்க" என்றார். நல்லது பக்கத்திலேயே இருந்தது. அதைக் கொடுத்தால் ஏன் வேறு தருகிறாய் என்று கேட்பார், விளக்க வேண்டும், பஸ்ஸை விட்டுவிடுவார், வியாபாரம் போய்விடும். கேட்டதையே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். மீதி மூன்று என்ன ஆயிற்று என்று ஏகாம்பரம் சார் பிறகு கேட்டபோது, மூன்றையும் உடைத்துப் போட்டுவிட்டேன் என்றேன். உடைத்தது இரண்டைத்தான். அவர் நம்பினார்.

அவர் ஐம்பத்தொன்பதைத் தேடினார். தேடியிருக்க வேண்டியது அறுபது.

வேகம், குடி என்று இனி யாராவது பேசினால், தெரிந்தே ஒன்றை விற்றவன் வளர விட்ட பேச்சு அது என்று சொல்லுங்கள். கஸ்தூரிக்கு வரன் விசாரிக்க வருகிறவர்கள் என் கடைக்கு வரட்டும். அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன்.

ஏகாம்பரம் சார் முடிந்தது என்று நம்பிய வேலையின் மீதி என்னிடம் இருக்கிறது. அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவுதான். அது முடியவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் இதுவரை நான். ரோட்டில் அரக்கு நிறத்தில் ஒரு தலை போனால் கல்லாவை விட்டு எழுந்து ஓடுகிறேன். செய்யாறு பக்கம் மூன்று முறை போய் வந்துவிட்டேன். பெயர் தெரியாமல் யாரைக் கேட்பது?

அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்கள் ஊரில், உறவில், அந்தப் பக்கத்து மாப்பிள்ளை யாரிடமாவது அரக்கு நிற ஹெல்மெட் இருந்தால் உள்ளே பாருங்கள். பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துணி இருக்கும். கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். ஓடு தொட்டால் அது என்னுடையது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். முதலில் அதை அந்தப் பிள்ளையின் தலையிலிருந்து கழற்றிவிட்டுத் திட்டுங்கள்.